பூதக்கண்ணாடியில் புகை வருகிறது, நெருப்பு மட்டும் வரமாட்டேன் என்கிறது

சருகுமனிதன்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஒரே போராட்டம், அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன். முகாம் போடும்போது தீப்பெட்டி, லைட்டர், மண்ணெண்ணெய், காகிதம் எதையும் தொடாமல், ஒரு பூதக்கண்ணாடியும் தரையில் கிடைக்கிற காய்ந்த பொருளும் மட்டும் வைத்துத் தீ மூட்டிவிட வேண்டும் என்று ஆசை. கையில் இருப்பது கைப்பிடி வைத்த சாதாரண லென்ஸ், விட்டம் 5 செ.மீ. இருக்கும்.

நடப்பது இதுதான். காய்ந்த இலைகளைக் குவித்து மேலே கொஞ்சம் புல் போட்டு லென்ஸைப் பிடிக்கிறேன். பத்து விநாடியில் புகை வந்துவிடுகிறது. இலையில் பழுப்பாக ஒரு பொட்டு, அது கறுத்து ஓட்டை விழுகிறது, ஓட்டையின் ஓரத்தில் சிவப்பாக நூல் மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. சரி, வந்துவிட்டது என்று ஊதினால் அணைந்துவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு ஓட்டை. அப்புறம் இன்னொன்று. நாற்பது நிமிடம் கழித்து என்னிடம் மிஞ்சியது சல்லடை மாதிரி ஒரு இலையும் பிடித்துக்கொண்ட கழுத்தும்தான். கூட வந்தவர்கள் லைட்டரை எடுத்து ஒரே சொடுக்கில் மூட்டிவிட்டு, அந்த இலையை எனக்கே பரிசாகக் கொடுத்தார்கள்.

கூடாரம் கட்டி முடித்து உட்காரும்போது மாலை நாலரை ஆகிவிடும், அதற்கப்புறம்தான் முயற்சி செய்கிறேன். வெயில் என்னவோ நன்றாகத்தான் அடிக்கிறது. லென்ஸ் போதவில்லையா, பெரிதாக வாங்கவா? இல்லை நான் செய்வதில் எங்கேயாவது கோளாறா?

கரிக்கட்டை:

காசைச் செலவழிக்காதீர்கள். புகை வந்துவிட்டது என்றால் லென்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். கோளாறு இலையில்.

தீக்குச்சியில் உரசினதும் சுடரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், அதனால் லென்ஸிடமும் சுடரையே எதிர்பார்க்கிறோம். அது சுடர் தராது. கங்குதான் தரும். அந்தக் கங்கைச் சுடராக்குவது உங்கள் மூச்சு. இது இரண்டும் தனித்தனி வேலை, தனித்தனிப் பொருள் வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே இலைக் குவியலில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

இலை மெல்லிசு. பொட்டு விழுந்த இடம் எரிந்ததுமே ஓட்டையாகிவிடுகிறது, அதற்கப்புறம் லென்ஸ் சூடாக்குவது ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காற்றைத்தான். ஓரத்தில் ஓடிய சிவப்புக் கோடு இருக்கிறதே, அது அசல் கங்குதான். ஆனால் தின்ன ஒன்றும் இல்லாமல் பட்டினியில் செத்தது. கங்குக்கு ஆழம் வேண்டும். கட்டைவிரல் பருமனுக்காவது உள்ளே இறங்க இடம் இருக்கிற, தக்கை மாதிரியான பொருள். அதுவும் வெளுப்பாக இல்லாமல் கறுப்பாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிக்கொள்ளும்.

இப்போது கைக்கு வருவோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் விழுகிறது. உங்கள் லென்ஸின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ. ஆக, கைக்கு வருவது 2 வாட். அவ்வளவுதான், ஒரு சின்ன இரவு விளக்குக்குக் கிட்ட. இந்த 2 வாட்டை எவ்வளவு சின்ன இடத்தில் திணிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கீழே விழுகிற அந்த வெள்ளைப் பொட்டு சூரியனின் குட்டிப் படம். வானத்தில் சூரியன் அரை டிகிரி அகலம், அதனால் பொட்டின் விட்டம் குவியத் தூரத்தில் (பொட்டு மிகச் சின்னதாக விழும்போது லென்ஸுக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற தூரம்) ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. 20 செ.மீ. குவியத் தூரம் என்றால் 2 மி.மீ. பொட்டு. தலைகீழாக நின்றாலும் அதைவிடச் சின்னதாக்க முடியாது. பெரிதாக்குவது ரொம்பச் சுலபம். கை 1 செ.மீ. மேலே கீழே போனால் போதும், பொட்டு இரண்டு மடங்காகிவிடும், அதே 2 வாட் நான்கு மடங்கு இடத்தில் பரவி வீணாகப் போகும்.

அதனால் கையை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். ஒரு காலை மடக்கி உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். பொட்டு வட்டமாக இருக்கிறதா பாருங்கள். முட்டை மாதிரி நீண்டு ஒரு பக்கம் வால் விட்டிருந்தால் லென்ஸ் சூரியனுக்கு நேராக இல்லை. பொருளையும் தரையில் படுக்கப் போடாமல் ஒரு கல்லில் சாய்த்து வெயிலைப் பார்க்க வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் சரியாக இருந்தும் பொட்டு இழுபட்டு நீளும்.

இன்னொன்று, சிவப்பைப் பார்த்ததும் லென்ஸைத் தூக்கிவிடாதீர்கள். பொட்டு அங்கேயே இருக்கட்டும், பக்கவாட்டில் இருந்து, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஊதுகிற மாதிரி ஊதுங்கள். கறுத்த வட்டம் கால் அங்குலம் வந்ததும் பொட்டை அதன் ஓரத்துக்கு நகர்த்தி வட்டத்தைப் பெரிதாக்குங்கள். லென்ஸை எடுத்த பிறகும் ஒரு நிமிடம் தானாகவே புகைந்தால்தான் அது கங்கு.

மேகம்பார்ப்பவள்:

கரிக்கட்டை சொன்னது எல்லாம் சரி, ஆனால் 'மாலை நாலரை' என்று எழுதியிருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நான் கொஞ்ச காலம் ஒரு வானிலை நிலையத்தில் வேலை பார்த்தேன். அங்கே கேம்பல் ஸ்டோக்ஸ் என்று ஒரு கருவி, ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெயில் அடித்தது என்று பதிவு செய்வது. கெட்டியான கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் வளைவாக ஒரு அட்டை. ஜான் பிரான்சிஸ் கேம்பல் 1853இல் யோசித்தது, 1879இல் ஸ்டோக்ஸ் மாற்றியமைத்தார். மின்சாரம் கிடையாது, முள் கிடையாது. சூரியன் நகர நகர, உருண்டை குவிக்கிற பொட்டு அட்டையில் ஒரு கோடு சுட்டுக்கொண்டே போகும். அட்டை மாற்றுவது என் வேலை. அதைக் கையில் எடுத்தால் அந்த நாள் முழுக்க அதில் இருக்கும். நடுவில் அட்டையைத் துளைத்துக்கொண்டு போன கறுப்பு வெட்டு, இரண்டு ஓரத்துக்கும் போகப் போக மெலிந்து வெறும் பழுப்புக் கீறல், அப்புறம் ஒன்றுமே இல்லை. சூரியன் உதித்து நேரமாகியும் அட்டையில் ஒரு தடமும் இருக்காது. மெல்லிய படலமாக மேகம் போன நேரம் எல்லாம் கோடு அறுந்து அறுந்து கிடக்கும், வெளியே நின்ற நமக்கோ அன்றைக்கு நல்ல வெயில் என்றே நினைப்பு.

சருகுமனிதன் முயற்சி செய்வது அந்த அட்டையின் ஓரத்தில். சூரியன் 30 டிகிரி உயரத்துக்கு இறங்கினால், தலைக்கு மேலே இருந்தபோது கடந்ததைப் போல இரண்டு மடங்கு காற்றை வெயில் கடந்து வர வேண்டும். 10 டிகிரியில் ஐந்து மடங்குக்கும் மேல். கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும்வரை கவலையில்லை. உங்கள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீண்டுவிட்டதா, லென்ஸைப் பையில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். பனிமூட்டம், தூசு, வெள்ளை வெளேர் என்று கூசுகிற வானம் இதெல்லாமும் ஏமாற்றும். எல்லாப் பக்கமும் சிதறி வருகிற வெளிச்சத்தை எந்த லென்ஸும் குவிக்காது. நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி தெளிவாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஈரம். கரிக்கட்டையின் 2 வாட் கணக்கையே எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க அதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். கைக்குக் காய்ந்ததாகப் படுகிற புல்லிலும் சாயங்காலக் காற்று ஈரத்தை ஏற்றிவிடும். முதலில் வருகிற வெள்ளைப் புகையில் பாதி நீராவிதான். பொருளைக் காலையிலேயே சேகரித்து, சூடான பாறைமேல் இரண்டு மூன்று மணி நேரம் பரப்பிக் காய வையுங்கள். மதியம் ஒரு மணிக்குத் தீயை மூட்டிவிட்டு, கூட வந்தவர் ஒருவரைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, கூடாரத்தை அதற்கப்புறம் கட்டுங்களேன்.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2024 ஏப்ரல் 16 அன்று பாரிஸ் ஒலிம்பிக் சுடரைக் கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் குழியாடி வைத்து ஏற்ற வேண்டிய நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. ஒத்திகையில் ஏற்றிப் பத்திரமாக வைத்திருந்த சுடரைக் கொண்டுவந்துதான் ஒப்பேற்றினார்கள்.

உளுத்தகட்டை:

என் பெயரைப் பார்த்தாலே என் ஓட்டு எதற்கு என்று தெரிந்திருக்கும்.

விழுந்து கிடக்கிற மரத்தில் தரையைத் தொடுகிற பக்கம் ஈரம், அதைத் தொடாதீர்கள். அந்தரத்தில் நிற்கிற கிளை, பட்டுப்போன நின்ற மரம், அதில் தேடுங்கள். நகத்தை அழுத்தினால் பதியும், விரலால் தட்டினால் சத்தமே வராது, கையில் எடுத்தால் எடையே இருக்காது, தேய்த்தால் மாவாக உதிரும். அதுதான் சரக்கு. தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு போதும். நடுவில் நகத்தால் ஒரு குழி பறித்து, பழைய தீ எரிந்த இடத்தில் கிடக்கிற கரியைப் பொடித்து அந்தக் குழியில் தேய்த்துவிடுங்கள். பொட்டை அந்தக் குழியில் இறக்கினால், நல்ல வெயிலில் நீங்கள் இருபது எண்ணுவதற்குள் குழியின் அடி சாம்பல் நிறமாக மாறும். ஊதினால் அந்தச் சாம்பலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண் விழிக்கும். உளுத்த மரம் சுடர்விட்டு எரியாது, பிடித்தால் விடாமல் கனன்றுகொண்டே இருக்கும். அதுதானே நமக்கு வேண்டும்.

மரத்தில் குதிரைக் குளம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற கெட்டிக் காளான் கிடைத்தால் இன்னும் விசேஷம். ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கண்டெடுத்தார்களே ஓட்சி என்கிற மனிதனின் உடல், 5000 ஆண்டுக்கு மேல் பழையது, அவன் பையில்கூட இந்தக் காளான் துண்டுகள் இருந்தன. புல் தின்கிற விலங்குகளின் காய்ந்த சாணமும் அருமையாகக் கனலும், அருவருப்பு இல்லாதவர்களுக்கு.

பஞ்சு வேண்டாம். வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். சம்பங்கோரைப் பஞ்சு, இலவம் பஞ்சு எல்லாம் பிடித்தால் ஒரு நொடியில் புஸ் என்று போய்விடும், கங்கு நிற்காது.

இனி இரண்டாவது பாதி. சருகுமனிதன் இதை ஆரம்பிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். கங்கை வாங்கிக்கொள்ள ஒரு கூடு வேண்டும். தேங்காய் நாரோ, காய்ந்த மரப்பட்டையின் உள்நாரோ, மெல்லிய புல்லோ, எதுவானாலும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்து, மயிர் மாதிரி இழை இழையாக்கிக் குருவிக் கூடு போல ஒரு குழி வையுங்கள். உள்ளே இருப்பது மென்மையாக, வெளியே கொஞ்சம் தடிமனாக. கங்கு ஒரு நாணய அளவுக்கு வந்ததும் துண்டோடு அந்தக் குழியில் வைத்து லேசாக மூடி, முகத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் இருந்து நீளமாக ஊதுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வரட்டும், இல்லாவிட்டால் புகை முழுக்கக் கண்ணில்தான். விட்டு விட்டு, ஒவ்வொரு மூச்சும் முந்தினதைவிடக் கொஞ்சம் நீளமாக. புகை மெல்லியதாக இருந்து திடீரென்று கெட்டியாகி, மஞ்சளாகத் திரண்டு வரும். அப்போது நிறுத்திவிடாதீர்கள், இன்னும் இரண்டு மூச்சுதான்.

கூடு கையில் குப்பென்று பற்றின பிறகு சுள்ளி தேடி ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஒருமுறை ஓடியிருக்கிறேன். லென்ஸைத் தொடுவதற்கு முன்பே ஈர்க்குச்சி பருமனில் இரண்டு கைப்பிடி, பென்சில் பருமனில் ஒரு கட்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு கட்டு தயாராக இருக்க வேண்டும். ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் தூரப் போடுங்கள்.

நூலறுந்தபட்டம்:

பஞ்சை ரொம்பத்தான் திட்டுகிறீர்கள். சூரியகாந்தக் கல்லும் (லென்ஸ் மாதிரி வெயிலைக் குவிக்கிற கல்) பஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் எத்தனை நாள் கிடந்தாலும் பற்றாது, சூரியன் எதிரே வந்தால்தான் பற்றும் என்று பழைய தமிழில் உவமையே இருக்கிறது. அந்தக் காலத்திலேயே யாரோ செய்து பார்த்திருக்கிறார்கள் போல.

உளுத்தகட்டை:

பஞ்சில் கொஞ்சம் கரித்தூளைத் தூவி உருட்டிப் பாருங்கள், உவமை சீக்கிரமாகவே பற்றும். :)

சருகுமனிதன்:

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை, நன்றி. சுள்ளிக் கதையில் நான் வசமாக மாட்டிக்கொண்டேன், ஒன்றுகூடத் தயாராக வைத்ததில்லை, பற்றின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை மதியம் முயற்சி செய்துவிட்டு வந்து சொல்கிறேன். அதற்குள் இரண்டு சின்னக் கேள்வி: லென்ஸை மறந்துவிட்டுப் போனால் மூக்குக் கண்ணாடி உதவுமா? பக்கத்தையே பெரிதாக்கிக் காட்டுகிற தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ் விற்கிறார்களே, அது எப்படி?

கரிக்கட்டை:

கிட்டப்பார்வைக் கண்ணாடி என்றால் வாய்ப்பே இல்லை, அது குழிலென்ஸ், வெளிச்சத்தை விரிக்கும். படிக்கிற கண்ணாடி குவிக்கும். ஆனால் +2 என்றால் குவியத் தூரம் 50 செ.மீ., பொட்டு அரை செ.மீ. அகலத்துக்கு வந்துவிடும். உங்கள் 2 வாட்டே அவ்வளவு இடத்தில் பரவினால் கைக்குச் சூடு உறைக்கும், கரி தடவிய பொருளில் உச்சி வெயிலில் புகை வந்தாலும் வரலாம். நம்பிப் போகாதீர்கள்.

அந்தத் தட்டை லென்ஸுக்கு ஃப்ரெஸ்னல் என்று பெயர். அட்டை அளவில் பர்ஸில் வைக்கிற மாதிரி வருவது அவசரத்துக்கு ஆகும். ஏ4 அளவு என்றால் பரப்பு 600 சதுர செ.மீ.க்கு மேல், கணக்குப்படி 60 வாட், அது விளையாட்டுப் பொருள் இல்லை. இரண்டுக்குமே காற்றில் படபடக்கிற குணம் உண்டு, சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். கீறல் விழ விழப் பொட்டு மங்கும்.

பெரிய லென்ஸ் ஆசை எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜோசப் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1 அன்று 12 அங்குல லென்ஸை வைத்துச் செந்நிறப் பாதரசப் பொடியைச் சூடாக்கினார், வெளியே வந்த வாயுவில் மெழுகுவத்தி ஆளை அசத்துகிற மாதிரி எரிந்தது. பின்னால் ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார்களே, அதுதான். நீங்கள் கூட்டுக்கு அடியில் இருந்து ஊதும்போது கங்குக்கு ஊட்டுவதும் அதையேதான்.

அணைத்துவிட்டுப்போ:

மூட்டுவதைப் பற்றி இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், நான் வழக்கம் போலக் கடைசியில் வந்து குறுக்கே நிற்கிறேன்.

லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், ஒரு நொடிகூட. அந்த வெள்ளைப் பொட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதும் கண்ணுக்கு ஆகாது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பொட்டின் வடிவமும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். தீ வைக்கிற இடத்தைச் சுற்றி மூன்று மீட்டருக்கு ஒரு சருகு இல்லாமல், மண் தெரியும்வரை பெருக்கிவிடுங்கள். வேர் பின்னிக் கிடக்கிற மண், மக்கின இலை அடுக்கடுக்காக இருக்கிற மண் ஆகவே ஆகாது, மேலே அணைந்த மாதிரி இருந்துவிட்டு அடியில் நாள் கணக்கில் கனன்றுகொண்டு போய் வேறு எங்கேயோ கிளம்பும். ஓடையில் இருந்து எடுத்த ஈரக் கல்லை அடுப்பாக வைக்காதீர்கள், உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். அரளிக் குச்சியைச் சுள்ளியாகக்கூடப் போட வேண்டாம், புகையே விஷம்.

ஒரு முரண்பாடு கவனித்தீர்களா? லென்ஸ் சுலபமாக வேலை செய்கிற நாள் என்பது காய்ந்து, வெயில் கொளுத்தி, காற்றும் அடிக்கிற நாள். காடு பற்றி எரிகிற நாளும் அதேதான். தீ மூட்டத் தடை போட்டிருந்தால் லென்ஸுக்கும் சேர்த்துத்தான் தடை, தீப்பெட்டி இல்லாமல் மூட்டினேன் என்றால் யாரும் விடமாட்டார்கள்.

அணைக்கும்போது தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று. புறங்கையை வைத்துப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருந்தால் இன்னும் அணையவில்லை. லென்ஸை வேலை முடிந்ததும் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். கூடாரத்து வாசலில் வைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

சருகுமனிதன்:

வந்துவிட்டேன். மூட்டிவிட்டேன்!

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தேன், நிழல் காலடியிலேயே கிடந்தது. உளுத்த மரம் தேடத்தான் அரை மணி நேரம் போனது. முதலில் எடுத்தது நகம் பதிந்தது, ஆனால் பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. அப்புறம் ஒரு பட்டுப்போன கிளையின் கவட்டில் சரியானது கிடைத்தது. குழி பறித்து, கரி தேய்த்து, முழங்கையை ஊன்றி... இருபது எண்ணவில்லை, பதினேழில் அடி வெளுத்துவிட்டது. அவசரப்பட்டு லென்ஸை எடுத்தேன், செத்தது. இரண்டாவது தடவை கரிக்கட்டை சொன்னபடி ஓரத்துக்கு நகர்த்தி நகர்த்தி வட்டத்தைப் பெரிதாக்கினேன். லென்ஸை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், அது தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நாளில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்த ஒரு நிமிடம் ஊதாமல் இருந்ததுதான்.

கூடு தேங்காய் நார். ஊதினேன், ஊதினேன், தலை சுற்றியது, பாதியில் நிறுத்திக் கூட வந்தவரிடம் கொடுத்தேன், போன வாரம் இலையைப் பரிசாகக் கொடுத்தாரே அவரேதான். அவர் ஊதிய மூன்றாவது மூச்சில் குப்பென்று பற்றியது, கையை உதறிவிட்டார். நல்லவேளை, சுள்ளிக்கு மேலேயே விழுந்தது. இப்போது அவர்தான் தீ மூட்டினார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அணைத்துவிட்டுப்போ சொன்னதில் ஒன்றை மட்டும் மறந்தேன். அந்தக் கலாட்டாவில் லென்ஸைப் பையின்மேல் அப்படியே நிமிர்த்தி வைத்திருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் பையின் வார்ப்பட்டையில் விரல் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு, சூரியன் நகர்ந்த வழியிலேயே. மேகம்பார்ப்பவள் அக்கா சொன்ன அட்டை மாதிரியே இருக்கிறது. இப்போது லென்ஸ் ஒரு காலுறைக்குள் இருக்கிறது.